தபால்காரர் வீட்டுக் கதவு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சார். நான் வேலைக்குத் தாமதமாகப் போகிற ஆள் இல்லை. பேருந்து ஓடாத நாட்களில் நடந்தே போயிருக்கிறேன். என் வீட்டுக்காரர் கேலி செய்வார்: "நம்ம கல்யாணத்துக்கே நீதான் முதல்ல வந்து நாற்காலி எடுத்துப் போட்டிருப்பே." போடவில்லை. போட்டது போதுமா என்று மட்டும் எண்ணிப் பார்த்தேன்.

நகராட்சியின் முதியோர் பராமரிப்புப் பிரிவில் எனக்கு வேலை. தனியாக, படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களின் வீட்டுக்குக் காலையில் போக வேண்டும். எழுப்பி உட்காரவைத்து, உடம்பு துடைத்து, மருந்து கொடுத்து, சாப்பிட வைத்து, துணி மாற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். எல்லா வீட்டுச் சாவியும் என் பையில் இருக்கும். இந்த வருஷ பட்ஜெட்டில் எங்கள் பிரிவில் கை வைத்தார்கள். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சப் பேருக்குப் புது அட்டவணை வந்தது. அதில், நான் பார்க்கிறவர்களில் ஒருவரான ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயாவுக்கு வாரத்தில் திங்கட்கிழமை மட்டும்.

ஐயாவுக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தினமும் காலையில் சர்க்கரைக்கு ஊசி போட்டாக வேண்டும். பிறகு எப்படி வாரம் ஒரு நாள் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன்.

"அவருக்குப் பையன் இருக்கான்ல? குடும்ப ஆதரவு உண்டுன்னு பதிவாயிருக்கு."

"பையன் கடல் தாண்டி இருக்காரு. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவாரு. போன்ல ஊசி போட முடியுமா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? மற்ற நாட்களில் என் முதல் வீட்டுக்குப் போகும் முன்பு, ஐயா வீட்டுக்கும் ஒரு நடை போய்வர ஆரம்பித்தேன். சம்பளம் கிடையாது. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிறேன்.

நாங்கள் சில பேர் நகராட்சித் தலைவரைப் போய்ப் பார்த்தோம். மரியாதையாகத்தான் நடத்தினார், தேநீர் கொடுக்கச் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு, "சரிம்மா, இந்தக் குறைப்பால இதுவரைக்கும் யாருக்காவது ஒண்ணு ஆயிருக்கா? ஆகியிருந்தா சொல்லுங்க, பேசலாம்" என்றார். கூட வந்தவர்களுக்குக் கோபம். எனக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நாங்கள் இன்னும் அழவில்லை, முனகிக்கொண்டுதான் இருந்தோம்.

அப்புறம் பத்திரிகைக்காரத் தங்கச்சியிடம் போனேன். எங்கள் வட்டாரத்துக்கு ஒரு வாரப் பத்திரிகை உண்டு. நாலு பக்கம், வெள்ளிக்கிழமை கடை வாசல்களில் இலவசமாகக் கிடக்கும். எழுதுவது, படம் எடுப்பது, கட்டுக் கட்டி எடுத்துப் போவது எல்லாம் அந்த ஒரு பெண்தான். நகராட்சி விளம்பரத்தில் ஓடிய பத்திரிகை. அதே பட்ஜெட்டில் அந்த விளம்பரத்தையும் நிறுத்தியிருந்தார்கள்.

"வெட்டு, வெட்டுனு எழுதி என் கை ஓஞ்சுபோச்சுக்கா. கணக்கு போட்டா எவன் படிக்கிறான்? ஆள் வேணும். ஒரு முகம் வேணும்" என்றாள்.

அவள் மனம் நொந்து சொன்னாள். நான் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டேன்.

அந்த முகம் யார் என்று யோசித்தேன். என் வீடுகளில் சண்டைக்கார அம்மா ஒருத்தி இருந்தாள், கோப்பையைத் தூக்கி எறிவாள். அவள் போனால் செய்தி வராது, தெருவில் பட்டாசுதான் வெடிக்கும். இன்னொருவருக்கு ஊரில் யாரையும் தெரியாது. தபால்காரர் ஐயா அப்படியில்லை. இந்த ஊரில் அவர் தட்டாத கதவு கிடையாது. இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. அந்தச் சத்தத்துக்குச் சமையலறையிலிருந்து ஓடிவந்தவர்கள் எத்தனையோ பேர். எல்லார் கதவையும் தட்டியவரின் கதவை யாரும் தட்டவில்லை. தலைப்புகூடத் தயாராக இருந்தது. படமும் நன்றாக விழும், சிரித்த முகம்.

அவரை எனக்குப் பிடிக்கும், சார். பிடிக்காதவரைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது பழிவாங்கல் ஆகியிருக்கும்.

கொல்லவேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. அலுவலகம் சொன்னபடி நடப்பது என்று மட்டும் முடிவு செய்தேன். திங்கட்கிழமை போனேன். ஊசி போட்டேன், துடைத்துவிட்டேன், சாப்பிட வைத்தேன். ஐயா அன்று உற்சாகமாக இருந்தார்.

"நேத்து தலைவர்கிட்ட பேசிட்டேன்மா."

"எந்தத் தலைவர் ஐயா?"

"நகராட்சித் தலைவன்தான். அவனோட முதல் வேலைக்கு ஆர்டர் கொண்டு போய்க் குடுத்ததே நான்தானே. மறந்திருவானா? என்னை விடுடா, அந்தப் பொண்ணு சம்பளமில்லாம அலையுதுடா, பழையபடி ஆக்கிக் குடுன்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டீங்கல்ல, அப்போ நடந்த மாதிரிதான்" என்றேன். வயதானவர்கள் இப்படி நிறையப் பேருடன் பேசுவார்கள்.

"சிரி, சிரி. நாளைக்குச் சீக்கிரம் வா. போன வாரம் ஒரு நாள் லேட்டு நீ."

போன வாரம் நான் தாமதமாகப் போகவில்லை. அவர் கடிகாரம் வேகமாக ஓடுகிறது. எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும்போது அவருடைய போனைச் சார்ஜில் போட்டேன். சமையலறையில்தான் பிளக் சரியாக வேலை செய்யும். தண்ணீர் ஜாடியை நிரப்பி மேசைமேல் வைத்தேன். மேசை ஜன்னலோரம் இருந்தது, வழக்கமாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துவிடுவேன். ரேடியோ கேட்பது அவருக்குப் பிடிக்கும், அதனால் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். பக்கத்து வீட்டாருக்கு, ஐயாவுக்குப் பேச்சுத் துணை இருப்பதுபோலக் கேட்டிருக்கும். கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை போகவில்லை. என் போனை அணைத்துவைத்துவிட்டு மற்ற வீடுகளைப் பார்த்தேன். ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன், எதுவும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். மதியச் சாப்பாட்டில் உப்பில்லை என்று வீட்டுக்காரர் சொன்னார். சாப்பிட்டபோது எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் போய்த் திறந்தேன். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஐயா கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் தரையில் கிடந்தார், கையில் தடி இருந்தது. நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். டாக்டர் வந்தார்; வயது, சர்க்கரை என்றார். தலைவர் மலர்வளையம் அனுப்பினார். வெள்ளிக்கிழமை கடை வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். பத்திரிகை இல்லை. முந்தைய வாரத்து இதழ்தான் கடைசியாம். அது கடைசி என்று போடக்கூட அவளுக்கு மனசு வரவில்லை. ஐயா செத்துப்போனது செய்தியாக எங்கேயும் வரவில்லை. தலைப்பு என்னிடமே நின்றுவிட்டது.

பழைய அட்டவணையைச் செவ்வாய்க்கிழமை நகராட்சிக் கூட்டத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று மேற்பார்வையாளர் அப்புறம் சொன்னார். புதன்கிழமையிலிருந்து ஐயாவுக்குத் தினமும் நான் போக வேண்டும் என்று உத்தரவு. என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாராம், போன் அணைந்திருந்ததாம். நல்லபடியாக ஒரு பத்திரிகை இருந்திருந்தால், கூட்டம் முடிந்ததுமே அந்தத் தங்கச்சி என்னைத் தேடிவந்து சொல்லியிருப்பாள். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்கிறவர்களும் தலையாட்டினார்கள். ஐயாவின் மகன் ஊருக்கு வந்து ஸ்டேஷனில், "அப்பா போன் ஏன் கிச்சன்ல இருந்துச்சு?" என்று உங்களிடம் கேட்காமல் இருந்திருந்தால், நானே அதை நம்பியிருப்பேன்.

நான் இதுவரை சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நீங்களும் புதன்கிழமையைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

புதன்கிழமை காலையில் சண்டைக்கார அம்மாவுக்கு மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரருடைய மச்சான் நகராட்சி உறுப்பினர்.

"இனிப்பு எங்கேக்கா?" என்றார்.

"எதுக்கு?"

"உங்களுக்கு விஷயமே தெரியாதா? நேத்து கூட்டத்துல பழைய அட்டவணையே திரும்ப வந்தாச்சு. வீட்டுக்குப் போன பொண்ணுங்களையும் கூப்பிடப் போறாங்க. எல்லாம் உங்க தபால்காரர் பண்ண வேலை. தலைவர்கிட்ட போன்ல அழுதுட்டாராம் மனுஷன். என் மச்சான் சொல்றான், தலைவர் கூட்டத்துல அவரைப் பத்தியே பத்து நிமிஷம் பேசினாராம்."

மாத்திரையை வாங்கிக்கொண்டேன். மீதிச் சில்லறையை மறந்துவிட்டேன், அவர் கூப்பிட்டுக் கொடுத்தார். அங்கிருந்து நேராக ஐயா வீட்டுக்குத்தான் போனேன். ஓடினேன் என்றே சொல்லலாம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாசலில் நின்றபோது ரேடியோவில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அது ஒரு நொடி நின்றபோது கேட்டது. கட்டில் கம்பியில் தடியால் தட்டுகிற சத்தம். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. மெதுவாக இருந்தது, ஆனால் அதே தட்டுத்தான். உயிரோடு இருந்தார். ஊசி என் பையில் இருந்தது. சாவி இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. பையில் இல்லை, கையில்.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று நினைத்தேனா? இல்லை. மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேனா? அதுவும் இல்லை. ஐயா என்னைக் காட்டிக் கொடுத்திருக்க மாட்டார். நான் போனைச் சமையலறையில் விட்டதும் மேசையை இழுத்துவிடாததும் மறதி என்றே நினைத்திருப்பார். கதவைத் திறந்தால் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டிருப்பார்: "ஏம்மா லேட்டு?"

வேலைக்குத் தாமதம் என்ற பேச்சை நான் வாங்கியதில்லை, சார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னும் ஒரு தடவை தட்டுகிறாரா என்று நின்று கேட்டேன். தட்டினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சண்டைக்கார அம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.