சிறுநீரகம் தந்த நற்செய்தி: மருத்துவர் தபிதா செப்கெமோய் பணிநிறைவுப் பாராட்டு

எல்டோரெட் மலைநகரின் மாண்பே! எங்கள் சிறுநீரகப் பிரிவின் சீர்மிகு செம்மலே! சினந்து பேசும்போதும் சிரிப்பை மறைக்கத் தெரியாத செல்வமே! மருத்துவர் தபிதா செப்கெமோய் அம்மையீர்! வணக்கமும் வாழ்த்தும் வற்றாத நன்றியும்!

தங்கள் பணியனைத்தையும் பாடப் புகுந்தால் பொழுது சாய்ந்துவிடும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜெரோப் சொல்லச் சொன்ன ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

பள்ளி ஆசிரியையான ஜெரோப்புக்கு மணமான மறு ஆண்டே இரு சிறுநீரகங்களும் செயலிழந்தன, மாதவிலக்கும் நின்றது. குருதி சுத்திகரிப்புக்கு உடன்வரும் மாமியார் தப்ரான்டிச், கட்டிலருகே அமர்ந்து எல்லோர் காதிலும் விழும்படி ஏசுவார்.

"மிஷின் ஒரு நோயத்தான் பாக்குது. இவ மலட்டுக்கு எந்த மிஷின்ல படுக்கப் போடணும், டாக்டரம்மா?"

ஜெரோப் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாங்களோ நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த அம்மாவுக்கு நேரெதிரே அமர்ந்தீர்கள்.

"நோய் ரெண்டு இல்லம்மா, ஒண்ணுதான். கருமுட்டையை வெளிய விடச் சொல்லி மூளையிலேர்ந்து ஹார்மோன் வரணும். சிறுநீரகம் கெட்டா ரத்தத்துல கழிவு தேங்கி அந்த உத்தரவே தடுமாறிடும். பால் சுரக்க வைக்கிற ஹார்மோனும் வெளியேறாம ஏறிடும். கைக்குழந்தைக்குப் பால் குடுக்கிறவன்னு உடம்பு ஏமாந்து, முட்டையை நிறுத்தி வச்சிடும். நல்ல சிறுநீரகம் கிடைச்சா எல்லாம் திரும்பி வரலாம்."

"அப்போ இவ மேல குத்தம் இல்லையா?"

"துளியும் இல்ல."

தப்ரான்டிச் திரும்பி மருமகளைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "என்னோடதுல ஒண்ணு இவளுக்குப் பொருந்துமா?"

"வேணாம் அத்தை!" என்று பதறினார் ஜெரோப்.

"நீ சும்மா கிட. ஏசுன வாய்தான் கேக்குது."

பொருந்தியது! அறுவையும் வென்றது! சில திங்களில் மாதவிலக்கு திரும்பியதை, ஜெரோப் கூச்சம் மறந்து தொலைபேசியில் கூவிச் சொன்னார். புதிய சிறுநீரகம் நிலைபெறும்வரை காத்திருக்கச் செய்து, கருவுக்கு ஊறு செய்யும் மருந்தை மாற்றி, அதன் பிறகே பிள்ளைப்பேற்றுக்குத் தாங்கள் தலையசைத்தீர்கள்.

ஒரு காலை ஜெரோப் வாந்தியும் மயக்கமுமாக வந்து விழுந்தார்.

"புதுசும் கெட்டுப்போச்சா, டாக்டர்? அத்தை முகத்துல எப்படி முழிப்பேன்?"

ஆய்வு முடிவு வந்தது. சிறுநீரகம் செம்மையாக இருந்தது. கருவுற்றதைக் காட்டும் ஹார்மோனோ எகிறிக் குதித்திருந்தது! கண்டிப்புக்குப் பேர்போன தாங்கள், கழன்ற செருப்பைக் கையில் பிடித்தபடி தாழ்வாரத்தில் ஓடிவந்த காட்சியை எங்ஙனம் மறப்போம்!

"கெடல, ஜெரோப்! உள்ள ஆள் இருக்கு!"

இரத்த அழுத்தம் ஏறி அச்சுறுத்தியதால் நாள் நிறையுமுன்னே பெண்குழந்தையை அறுவை செய்து எடுத்தார்கள். விடியலில் பிறந்ததால் ஜெப்கோயெச் என்று பெயர். தாயும் நலம், சேயும் நலம், சிறுநீரகமும் நலம்! மாற்றுச் சிறுநீரகத்தை அடிவயிற்றில், கருப்பைக்கு அருகில்தான் வைத்திருந்தோம் என்று தாங்கள் விளக்க, பேத்தியை ஏந்திய தப்ரான்டிச் கேட்டார்:

"அப்போ இத்தனை மாசமும் இவளுக்கு நான்தான் பக்கத்து வீட்டுக்காரியா?"

தாங்கள் சிரித்த சிரிப்பில் பிரிவு முழுதும் விழித்துக்கொண்டது!

அறிவால் அச்சம் அகற்றிய அன்னையே! நலமும் வளமும் நிறைந்து நூறாண்டு வாழ்க! நாளை முதல் காலைத் தேநீரை ஆறவிடாமல் அமர்ந்து அருந்துங்கள். அழைப்புமணி அடித்தால் நாங்கள் ஓடுகிறோம்.

என்றும் தங்கள் அன்பில் திளைக்கும்
சிறுநீரகப் பிரிவு ஊழியர்கள்,
எல்டோரெட்