ஒரே ஒரு பிரதி

என் தங்கை அறுபத்திரண்டாவது வயதில் நூலகத்துக் கதை வகுப்பில் சேர்ந்தபோது நான் தடுக்கவில்லை. மூன்று தலைமுறையாக அச்சகம் நடத்திய குடும்பம். எழுத்து எங்களுக்குப் புதிதல்ல.

டீச்சர், அவள் நோட்டில் நீங்கள் வரைந்த மலையைப் பார்த்தேன். அடிவாரத்தில் தொடக்கம், ஏற்றத்தில் சிக்கல், உச்சியில் உச்சம், இறக்கத்தில் முடிவு. தெளிவான படம். அவள் தன் கதையையே எழுதியிருந்தாள். வெளியூர்க் கடிகார ரிப்பேர்க்காரரைக் கல்யாணம் செய்துகொள்ள, இருபத்தாறு வயதில் பதிவாளர் அலுவலக வாசலில் நாள் முழுக்க நின்றது, அவர் வராதது. ஓரத்தில் நீங்கள் சிவப்பு மையில் கேட்டிருந்தீர்கள்: "ஏன் வரவில்லை? காரணம் இல்லாமல் உச்சம் இல்லை."

"அண்ணா, நீயாவது ஒரு காரணம் சொல்லேன். டீச்சர் என்னை மலை ஏறவே விட மாட்டேங்கறாங்க."

"கோழைன்னு எழுது."

"முப்பத்தாறு வருஷமா அதைத்தான் நினைச்சுட்டிருக்கேன். கதைக்குப் பத்தலையாம்." சிரித்துக்கொண்டே ஞாயிறு காலை பஸ் ஏறிவிட்டாள், அவரிடமே கேட்க.

அவர்மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. ஆனால் ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் பத்திரிகை அடித்த வீட்டில், கடைப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் பெயரை மாப்பிள்ளை என்று எப்படி அச்சுக் கோப்பது? அவர்கள் பதிவாளர் அலுவலகத்துக்கு நாள் குறித்திருந்த வாரம், ஒரு மதியம் ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, நானே எழுத்துக் கோத்தேன். கறுப்புக் கரை போட்ட இரங்கல் அட்டை. தங்கையின் பெயர், வயது, குறுகிய கால நோய். சடங்குகள் முடிந்துவிட்டன என்றும் சேர்த்தேன். பாவம், வீணாக அலைய வேண்டாமே. ஒரே ஒரு பிரதி, அவர் முகவரிக்கு. அச்சில் வந்ததை யாரும் சந்தேகிப்பதில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தவள் முகத்தில் வெளிச்சம். கதவைத் திறந்தவர் அவளைக் கண்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். தண்ணீர் தெளித்து எழுப்பியதே இவள்தானாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு அந்த அட்டையை என் முன் வைத்தாள்.

"உச்சம் கிடைச்சுடுச்சு, அண்ணா. முடிவும் என்கிட்ட இருக்கு. அவர் கடையில இன்னொரு ஸ்டூல் காலியா கிடக்கு. காரணத்தை மட்டும் நீயே எழுதி டீச்சருக்கு அனுப்பிடு."

பெட்டியோடு போய்விட்டாள். எழுதிவிட்டேன்.

அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கரை கோணவில்லை, மை மங்கவில்லை, ஒரு பிழை இல்லை. எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நான் எதிலும் குறை வைத்ததில்லை.