வலி இறங்கியது

தலையணை தலைக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், டாக்டர். அது கழுத்துக்கு. என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன். பாதிப் பேர் தலையணையை மாற்றுவார்கள், மீதிப் பேர் என்னை மாற்றிவிடுவார்கள்.

காலையில் அக்காவின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டீர்கள். "நீங்களே பிசியோதெரபிஸ்ட். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு இதை எப்படிக் கவனிக்காம விட்டீங்க?" அக்கா பக்கத்தில் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. இப்போது அவள் வார்டில் தூங்குகிறாள், அதனால் சொல்கிறேன். நான் கவனிக்காமல் விடவில்லை.

அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்காவுக்கு முடி வெட்டும் பார்லரில் வேலை. நாள் முழுக்கக் குனிந்த தலையும் கத்தரியுமாக நிற்பாள். என் தலையில் வேறு யாருடைய கத்தரியும் பட்டதில்லை. எனக்கும் கல்யாணம் கூடிவரவில்லை, அவளுக்கும் கூடிவரவில்லை. அதைப் பற்றி இரண்டு பேருக்குமே கவலை இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு கண்ணாடிக்காரர் வந்தார். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். வெளியூரில் மூக்குக்கண்ணாடிக் கடை, மனைவி இறந்துவிட்டார். இங்கே தன் தங்கை வீட்டுக்கு வந்த இடத்தில் அக்காவிடம் முடி வெட்டிக்கொண்டார். அப்புறம் வெட்டுவதற்கு முடியே இல்லாதபோதும் வந்தார். நல்ல மனிதர். குறை ஏதாவது அகப்படுமா என்று தேடிப்பார்த்தேன், அகப்படவில்லை. தன் கடைக்குப் பக்கத்துக் கடையை அவளுக்காகப் பேசிவைத்திருந்தார், சொந்தமாகப் பார்லர் போடுவதற்கு.

ஒருநாள் எனக்கு முடி வெட்டிக்கொண்டே அக்கா சொன்னாள்: "கடைசியில நானும் கழுத்தை நீட்டப் போறேன்டா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எதிரே கண்ணாடியில் நானும் சிரித்தேன்.

கொஞ்ச நாளில் அவளுக்குக் கழுத்தில் பிடித்துக்கொண்டது. தோள் வழியாக வலது கட்டைவிரல் வரை சுரீர் என்று இழுக்கும் வலி. நரம்பு நசுங்குகிறது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாயைப் பின்பக்கமாக இழுக்கச் சொன்னேன். திரும்பத் திரும்பச் செய்தாள். கட்டைவிரல் வலி முழங்கைக்கு வந்தது, அங்கிருந்து தோளுக்கு, தோளிலிருந்து கழுத்துக்கு. கைவலி அப்படிச் சுருங்கிக் கழுத்துக்குள் அடங்கினால் நரம்பு விடுபடுகிறது என்று அர்த்தம். கழுத்து சில நாள் கூடுதலாக வலிக்கும், பிறகு அதுவும் போய்விடும். உங்களுக்குத் தெரியாதது இல்லை.

அக்கா முகத்தைச் சுளித்தாள். "என்னடா இது, வலி மேல ஏறுது? இது வேணாம்டா."

அப்போது நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். கழுத்துவலி என்று வருகிற அத்தனை பேரிடமும் சொல்கிற வாக்கியம்தான். வலி ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது. வாய் வரை வந்தது. "சரிக்கா, வேணாம்" என்றேன்.

குனியும் பயிற்சி கொடுத்தேன். அவள் தலையைத் தொங்கவிட, நான் பின்னாலிருந்து பதமாக அழுத்தினேன். கழுத்து லேசானது. வலி கைக்குப் போனது.

"இறங்குதுடா தம்பி. கழுத்தை விட்டு இறங்குது. உனக்குக் கைராசிடா."

காய்ச்சல் இறங்கினால் நல்லது. கோபம் இறங்கினால் நல்லது, பாரம் இறங்கினால் நல்லது. வலியையும் அவள் அப்படி நினைத்துக்கொண்டதில் தப்பில்லை. "ஆமாக்கா, இறங்குது" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கல்யாணம் கொஞ்சம் தள்ளிப்போனால் போதும் என்றுதான் நினைத்தேன். தினமும் காலையில் அவள் வந்து உட்கார்ந்து கழுத்தைக் கொடுப்பாள், நான் அழுத்துவேன். கண்ணாடிக்காரர் போனில் வேறு யாரிடமாவது காட்டலாமே என்று கெஞ்சுவார். "என் தம்பி பாக்குறதுக்கு மேலயா? பாதி இறங்கிடுச்சுங்க" என்பாள். பக்கத்து அறையில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நாளையிலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்று தோன்றும். நிறுத்தினால் குணமாகிவிடுவாளே என்றும் தோன்றும். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன், டாக்டர்? விடிந்ததும் என் கை தானாக அவள் கழுத்துக்குப் போகும்.

ஒருநாள் காபியை ஆற்றிக்கொண்டே, "வலியே இல்லடா. சுத்தமா இறங்கிடுச்சு" என்றாள். கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்தேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், கிள்ளியதே தெரியவில்லை. சில நாளில் பார்லரில் கத்தரி நழுவி ஒரு பெண்ணின் காதைக் கீறிவிட்டது. இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். அக்காதான் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள், இடது கையால்.

நேற்று கண்ணாடிக்காரர்தான் பிடிவாதமாக அவளை இங்கே அழைத்துவந்தார். அவர் இன்னும் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

நசுங்கிய நரம்பை விடுவிக்கலாம், கைக்குப் பலம் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றீர்கள். திரும்பாமல் போனால் அதற்குக் காரணம் நான்தான். தெரிந்தே செய்தேன், ஒவ்வொரு நாளும் தெரிந்தே செய்தேன். யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள்.

அக்காவிடம் மட்டும் வேண்டாம். ஆபரேஷன் முடிந்ததும் வீட்டில் பயிற்சி கொடுக்க ஆள் இருக்கிறதா என்று நர்ஸ் கேட்டாராம். "என் தம்பி இருக்கான்ல" என்றாளாம் அக்கா. நான் செய்ததைக் கேட்டால் மனசு நொந்துபோவாள், டாக்டர். அவளை யாரும் நோகடிக்க நான் ஒருநாளும் விட்டதில்லை.