ஒன்பதாம் அத்தியாயத்தில் புருடா இல்லை

அந்தச் சனிக்கிழமை என் முன்னறையில் இருந்தவர்கள்: மேல் லயத்துத் தொழிலாளர் வரிசை வீட்டு ரேஷ்மா, எஸ்டேட் லாரி டிரைவர் கொர்னேலியஸின் மகன் ஜாபேஸ், தேயிலைக் கொழுந்து பறிக்கிற தெய்வம்மாவின் மகள் வேணி, நான். ஒரு பாக்கெட் வர்க்கி பிஸ்கட்டும் இருந்தது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் பிள்ளைகள் வந்தது பாதி அதற்காகத்தான்.

நீங்கள் முதலில் கேட்டதும் அதுதானே இன்ஸ்பெக்டர் மேடம், குடும்பம் இல்லாத ஒருவன் வீட்டுக்குப் பிள்ளைகள் எதற்கு வருகிறார்கள் என்று? நான் சிறுவர்களுக்கு நாவல் எழுதுகிறவன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் அச்சுக்குக் கொடுக்குமுன் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவேன். எங்களுக்குள் ஒரு விதி உண்டு. எந்த இடம் பொய்யாகப் படுகிறதோ அங்கே கையைத் தூக்கி ‘புருடா’ என்று கத்த வேண்டும். நான் வாதாட மாட்டேன். அந்த வரியை அடித்துவிடுவேன்.

ஜாபேஸ், வர்க்கி தீர்ந்ததும் புருடா சொல்வான், வீட்டுக்குப் போவதற்காக. வேணி சொன்னால் ரேஷ்மாவும் சொல்வாள். வேணி மட்டும்தான் நிஜமாகச் சொல்வாள். ஒரு முறை காட்டெருமை கர்ஜித்தது என்று எழுதியிருந்தேன்.

“புருடா. அது மூக்கால புஸ்ஸுன்னு ஊதும். சார், கிட்டப் போயிப் பாருங்க, சொல்லும்” என்றாள். அதற்குப் பிறகு அன்று கதை நடக்கவில்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்து மூக்கால் ஊதிக்கொண்டே இருந்தார்கள்.

இங்கே வருமுன் சென்னையில், கோடம்பாக்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் இருந்தேன். கால் சென்டரில் இரவு ஷிஃப்ட். பகலில் தூங்கினால், கீழே சந்தில் விளையாடும் பிள்ளைகள் விடமாட்டார்கள். தூக்கம் வராதவன் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்ப்பான். வேலையை விட்ட பிறகும் பார்த்தேன். அப்புறம் பார்ப்பது மட்டும் போதவில்லை. ஒரு பையனின் செருப்பில் ஒன்றை எடுத்து ஒளித்து, அவன் யார்மேல் பழியைப் போடுகிறான் என்று கவனித்தேன். ஒரு சிறுமியிடம், அவள் வளர்த்த நாய்க்குட்டி வண்டியில் அடிபட்டுவிட்டது என்று சொன்னேன். அழுகை உடனே வராது, மேடம். முதலில் அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள், நாய்க்குட்டியின் கயிறு அதில் இருக்கிறதா என்று தேடுவதுபோல. அதை அப்படியே எழுதினேன். அந்தப் பக்கத்தைப் படித்து அழுததாக நிறையத் தாய்மார்கள் சொன்னார்கள். நாய்க்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் அவளே அதைக் கண்டுபிடித்துவிட்டாள். யாருக்கும் நஷ்டமில்லை.

குன்னூருக்கு வந்தது அமைதிக்காக. எஸ்டேட்டை ஒட்டிய இந்தப் பழைய வீடு வாடகைக்குக் கிடைத்தது.

புது நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தில், மூடிக்கிடக்கும் டீ ஃபேக்டரிக்குள் ஒரு சிறுமி தனியாக மாட்டிக்கொள்கிறாள். அன்று படித்தது அதைத்தான். ‘நான் பயப்படமாட்டேன், தைரியமாகக் காத்திருப்பேன்’ என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் இடத்தில் வேணி கையைத் தூக்கினாள்.

“புருடா.”

“ஏன்?”

“மாட்டிக்கிட்டவ மைக்குல பேசுற மாதிரி பேசுவாளா சார்? மொதல்ல அம்மான்னுதான் கூப்பிடுவா.”

“அப்புறம்?”

யோசித்தாள். வர்க்கித் தூள் ஒட்டிய விரலை நக்கினாள். “அப்புறம் தெரியாதுங்க சார். நான் மாட்டுனதில்லையே.”

அவள் சொன்னது நியாயம். மாட்டாதவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் எப்படித் தெரியும்?

மற்ற இருவரும் கிளம்பினார்கள். அடுத்த அத்தியாயமும் படிக்கிறேன் என்று வேணியை இருக்கச் சொன்னேன். வீட்டின் பின்னால் விறகறை இருக்கிறது. நீங்கள் பார்த்தீர்கள். கல் சுவர், தகரக் கூரை, ஜன்னல் கிடையாது. அன்று மூடுபனி இறங்கி நல்ல குளிர். அவள் ஸ்வெட்டர் முழங்கையில் கிழிந்திருந்தது. அதனால் என் கணப்புச் சட்டியில் புதுக் கரி போட்டு, ஊதி, முதலில் அதைக் கொண்டுபோய் உள்ளே வைத்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். கெடுதல் நினைக்கிறவன், குழந்தைக்குக் குளிருமே என்று யோசிக்கமாட்டான்.

விறகறையில் ஒரு சாமான் ஒளித்து வைத்திருக்கிறேன், கண்டுபிடி என்றேன். ஓடினாள். கதவைச் சாத்தி வெளியே தாழ் போட்டேன். கொஞ்ச நேரத்துக்குத்தான். சுவருக்கு இந்தப் பக்கம் சமையலறையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் சிரித்தாள். பிறகு கதவைத் தட்டினாள். பிறகு ‘அம்மா’ என்றாள், தான் சொன்னபடியே. அம்மா மலைமேல் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறாள், கேட்காது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் அதுதான் வந்தது.

அதற்கப்புறம் என்ன என்பது எங்கள் இருவருக்குமே தெரியாத இடம்.

“சார், இது புருடாதானே?” என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தியாயம் கெட்டுப்போயிருக்கும்.

ஏழாம் வாய்ப்பாடு சொன்னாள். ஏழெட்டில் தடுமாறி, திரும்ப முதலிலிருந்து. பிறகு கணப்புச் சட்டியோடு பேசினாள், அது ஏதோ கோழிக்குஞ்சு என்பதுபோல. “நீ அணைஞ்சிராத, என்ன?” என்றாள். இது எந்த எழுத்தாளனுக்கும் தோன்றாது. “தலை வலிக்குது சார்” என்றாள். அதையும் எழுதினேன். என் கை அந்த வேகத்தில் ஓடி வருஷங்கள் ஆகின்றன. அவள் வெளியே வந்ததும் முதலில் அவளுக்குத்தான் படித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

நான் சமவெளி ஆள், மூடிய அறையில் கரி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது, இப்படிச் சொல்லச் சொல்கிறார் வக்கீல். சுற்றுலா வருகிறவர்கள் அப்படிச் செத்துப்போவது உண்டுதான். நானும் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். வேணி இருந்தால் கையைத் தூக்கியிருப்பாள்.

ஏனென்றால் தெய்வம்மா வந்தாள். கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, தலையில் கட்டிய துணியை அவிழ்க்காமலே வந்து சமையலறை வாசலில் நின்றாள். அப்போது விறகறையில் சத்தம் நின்றிருந்தது. நின்று கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

“வேணி இருக்குறாளா சார்?”

“ஜாபேஸோடயே போயிட்டாளே.”

“ஊட்டுக்கு வரலைங்களே. கழுத, ரேஷ்மா ஊட்டுல டிவி பார்த்துட்டு இருப்பா. சனிக்கெழம ஆனா என் உசுர வாங்குறா சார். அந்தப் புள்ளைக்கு அப்புறம் என்னாச்சு, நீயே சொல்லுன்னு என்னையக் கேக்குறா. எனக்கென்ன தெரியும்?” என்று சிரித்தாள். கிளம்பப் போனவள் என் நாற்காலிக்குக் கீழே பார்த்தாள். “கணப்பு எங்கீங்க? இந்தக் குளிருல சும்மா உக்காந்திருக்கீங்க?”

“பின்னாடி இருக்கு.”

“சன்னல் தொறந்திருக்குதுங்களா? போன மார்கழியிலயே சொன்னனே சார், மேல் லயத்துல புருசனும் பொண்டாட்டியும் கரியப் பத்தவெச்சுக் கதவச் சாத்திட்டுப் படுத்தவங்க எந்திரிக்கவே இல்லைன்னு.”

“தொறந்திருக்கு” என்றேன்.

“அப்பச் சரிங்க” என்று போனாள். என்மேல் உள்ள அக்கறையில் கேட்டாள், மேடம்.

கடைசிப் பத்தி மிச்சம் இருந்தது. பாதியில் எழுந்தால் அது திரும்ப வராது.

முடித்துவிட்டுப் போய்த் தாழைத் திறந்தேன். வேணி சாக்கின்மேல் படுத்திருந்தாள், சட்டியைப் பார்த்தபடி, கிழிந்த முழங்கையைத் தலைக்கு வைத்து. கன்னம் நல்ல சிவப்பாக இருந்தது. தூங்கிக்கொண்டிருந்தாள் என்று நான் சொன்னால் அது புருடா.

மேலே தேயிலைக்குள் தெய்வம்மா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. கொர்னேலியஸும் வேறு சிலரும், புதருக்குள் காட்டெருமை இருக்குமோ என்று தகரத்தைத் தட்டிக்கொண்டு தேடினார்கள்.

நான் ஒரு விறகுக் கட்டையில் உட்கார்ந்து, அத்தியாயத்தை முதலிலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். ‘அம்மா’ வரும் இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். வாய்ப்பாட்டில் நிறுத்திப் பார்த்தேன். ‘நீ அணைஞ்சிராத’ வரும்போது கொஞ்சம் கூடுதலாகவே நிறுத்தினேன். ஒரு இடத்தில்கூட அவள் கையைத் தூக்கவில்லை. நான் எழுதியதில் வேணி குறை சொல்லாத அத்தியாயம் அது ஒன்றுதான்.

தெய்வம்மாவின் குரல் கிட்டே வந்துகொண்டிருந்தது. காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்திப் பூட்டினேன்.