நூலைக் கடிப்பவள்

இந்தப் படத்தில் என் மூக்கு சரியாக வரவில்லை. மற்றபடி ஓவியர் ஃபெரியோல் முசே நன்றாகத்தான் வரைந்திருக்கிறார். சுவரோரம், மடியில் நடனக் காலணியை வைத்துக் குனிந்திருக்கிறாளே, அது நான்தான். முன்னால் வெள்ளைப் பாவாடையில் நிற்கும் பெண்களை விட்டுவிட்டு நீங்கள் என்னைப் பற்றிக் கேட்டீர்கள். என் முகத்தைப் பார்த்து மனம் கரைந்தது என்றீர்கள். அதனால் சொல்கிறேன்.

ஓப்பரா அரங்கின் நடனப் பயிற்சிக் கூடத்தில் பெண்ணுக்கு அம்மா துணை இருப்பது வழக்கம். எங்களுக்கென்று சுவரோரம் ஒரு பெஞ்சு. பின்னுவோம், தைப்போம், அடுத்தவள் மகளின் முழங்காலைப் பார்த்து முகம் சுளிப்போம். என் மகள் லியோனி. அவளோடு ஆடிய ஒதீலுக்கு அம்மா வரமாட்டாள்; சலவைக்காரி, விடிந்ததும் ஆற்றுக்குப் போய்விடுவாள். ஆகவே ஒதீல் என்னிடம் ஒண்டிக்கொள்வாள். நான் கொண்டுபோகும் சூப்பில் அவளுக்கும் ஒரு கிண்ணம் ஊற்றுவேன். சிறு உபகாரம்தான். ஆண்டவர் நம்மிடம் பெரிய காரியங்களைக் கேட்பதில்லை.

"மர்போ அம்மா, இன்னிக்காவது இதுல கறி இருக்கா? இல்ல, கறி பக்கத்துல வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சா?" என்பாள். வாய் நீளம். ஆனால் அவள் எம்பிக் குதித்தால் கூடமே மூச்சை நிறுத்திக்கொள்ளும். லியோனி குதித்தால் பலகைதான் சத்தம் போடும். நான் தாய்தான், குருடி இல்லை.

அந்த வருடம் நடனக் குழுவின் மேல்வரிசையில் ஓர் இடம் காலியானது. இருவரும் தேர்வுக்கு நின்றார்கள். யாருக்குக் கிடைக்கும் என்பது கூட்டுகிறவளுக்குக்கூடத் தெரியும்.

நான் நினைத்ததெல்லாம் ஒதீலின் நன்மையைத்தான். ஓப்பராவுக்குச் சந்தா கட்டிய கனவான்கள் கறுப்புக் கோட்டோடு திரைக்குப் பின்னால்வரை வருவார்கள். அவர்களில் லகார்த் முசே என்றொரு கிழவர் அவளைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. மேல்வரிசைக்குப் போனால் அவர் கைக்குள் போய்விடுவாள். பெற்றவள் பக்கத்தில் இல்லாதபோது நான்தானே பார்க்க வேண்டும்? மாதா கோயிலில் அவளுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் தேர்வன்று காலையில் கூடத்துக்குப் போனேன்.

எங்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. தேர்வு நாளில் காலணிக்கு நாடாவை ஒரு தாய்தான் தைக்க வேண்டும். நூலைப் பல்லால் கடித்துத்தான் அறுக்க வேண்டும். அன்று காலணிக்குப் பக்கத்தில் கத்தரி வந்தால் கால் போகும். பெஞ்சில் எவளும் அன்றைக்குக் கத்தரியை வெளியே எடுக்கமாட்டாள்.

ஒதீல் காலணிகளை என் மடியில் போட்டாள். "நல்லா கடிங்க அம்மா. உங்க வாய் ராசியான வாய்."

"எங்கம்மா கடிச்சா நூல் மட்டுமா அறுந்துபோகும்?" என்று லியோனி சிரித்தாள்.

ஒழுங்காகத்தான் தைத்தேன். கடித்துத்தான் அறுத்தேன். ஒதீல் தலைவாரப் போன பிறகு, பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து, இடது காலணியில் நாடாவின் உள்தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். ஓர் இழையை மட்டும் விட்டுவைக்க எண்ணம். நடக்கத் தாங்கும். குதித்து இறங்கத் தாங்காது.

அப்போது எதிர்மூலையில் படம் போட்டுக்கொண்டிருந்த ஃபெரியோல் முசே சொன்னார்: "மதாம், அப்படியே இருங்க. தலையைத் தூக்காதீங்க. என்ன ஒரு சாந்தம் உங்க முகத்துல."

தையலுக்குள் கத்தரி இருந்தபடியே உட்கார்ந்திருந்தேன். விரல் மரத்துப்போனது. அவர் என்னை அசைய விட்டிருந்தால் ஒருவேளை கையை எடுத்திருப்பேன். அதில் அவருக்கும் பங்கு உண்டு.

"போதும் மதாம். சிரமம் கொடுத்துட்டேன்."

"பரவாயில்ல முசே," என்று சொல்லி வேலையை முடித்தேன்.

ஒதீல் அன்று குதித்ததுபோல் என்றும் குதித்ததில்லை. இறங்கும்போது நாடா பிய்ந்து வந்தது, கணுக்கால் உள்ளே மடிந்தது. ஈர விறகு ஒடிவதுபோல் ஒரு சத்தம். முதலில் ஓடியவள் நான். அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். காலணியைக் கழற்றி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அழுகைக்கு நடுவே அவள் சொன்னாள்: "உங்க தையல்ல ஒண்ணும் தப்பில்ல அம்மா. நான்தான் நாடாவ ரொம்ப இழுத்து முடிஞ்சுட்டேன்."

அவ்வளவு நல்ல பெண்.

இடம் லியோனிக்குக் கிடைத்தது. லகார்த் முசே இப்போது அவளைத்தான் பார்த்துக்கொள்கிறார். பழகினால் மென்மையான மனிதர். அவளுக்குத் தனி வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறார். எனக்கு வாரம் தவறாமல் இறைச்சி அனுப்புகிறார். லியோனி என்னோடு அதிகம் பேசுவதில்லை. புது வாழ்வு வந்தால் பிள்ளைகள் அப்படித்தான்.

இந்தப் படத்தை இந்தக் கண்காட்சியில் மாட்டி, 'தாயன்பு' என்று பெயர் எழுதியபோது ஒதீலை நான்தான் அழைத்துவந்தேன். தடியை ஒரு கையிலும் என் கையை மறு கையிலும் பிடித்தபடி வந்தாள். வெகுநேரம் பார்த்தாள். என் விரல்களுக்கிடையே அந்த வெள்ளைப் புள்ளி தெரிகிறதா? எல்லோரும் ஊசி என்கிறார்கள். ஃபெரியோல் முசே கண்ணால் கண்டதைத்தான் வரைவார். கிட்டே போனால் கத்தரியின் இரண்டு அலகும் தெரியும்.

"மர்போ அம்மா," என்றாள் ஒதீல், "நீங்க நூலப் பல்லாலதான கடிச்சீங்க?"

"ஓவியக்காரங்களுக்கு எங்கயாவது ஒரு மினுக்கு வேணும் கண்ணு."

"ஆமா," என்றாள். "மினுக்குதான்." என் கையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தடியைப் பிடித்துக்கொண்டாள்.

பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கையில் இதைச் சொல்லவில்லை. பாவத்தைத்தானே அங்கே சொல்ல வேண்டும். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் ஒதீல் வீட்டுக்குச் சூப்பு கொண்டுபோகிறேன். இப்போதெல்லாம் கறி நிறையவே போடுகிறேன். கதவு திறப்பதில்லை. கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு வருகிறேன். அடுத்த வாரமும் அது அப்படியே இருக்கிறது. எனக்கு வருத்தமில்லை. நன்றியை எதிர்பார்த்துச் செய்தால் அது உபகாரமாகுமா?