ஊதாத சைரன்

தமயந்தி: ...ஜன்னலுக்குப் போர்வை கட்டியாச்சு. பக்கத்து வீட்டு ரேடியோவை நிறுத்தச் சொல்லியாச்சு. இன்னும் என்ன பண்ணணும், தாலாட்டு பாடணுமா?

மாடசாமி: பாடேன். உன் குரலுக்கு இந்த பிளாக்கே முழிச்சுக்கும்.

தமயந்தி: கிண்டலுக்குக் குறைச்சல் இல்ல. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா மத்த ஆம்பளைங்க குறட்டை விடுறாங்க. நீங்க விட்டத்தைப் பாத்துக்கிட்டுக் கிடக்கீங்க.

மாடசாமி: வெயிலு... புழுக்கம்... வாராவாரம் ஷிஃப்ட்டை மாத்துனா உடம்புக்கு எது பகல், எது ராத்திரின்னு எப்படித் தெரியும்?

தமயந்தி: முன்னயாவது விட்டு விட்டுத் தூங்குனீங்க. கரி போற பெல்ட்டுல அந்தக் கூலியாளு பெரியண்ணனுக்குக் கை போனதுலேருந்து பொட்டுத் தூக்கம் இல்ல.

மாடசாமி: அவன் பேச்சை எடுக்காத... ஒரு காபி குடு.

தமயந்தி: காபி குடிச்சா வர்ற தூக்கமும் போயிடும். பால் தர்றேன்.

மாடசாமி: இப்பல்லாம் நீ காபியே போடுறதில்ல. டாக்டர் குடுத்த தூக்க மாத்திரை இருந்துச்சே, அதையாவது எடு.

தமயந்தி: அது... தூக்கிப் போட்டுட்டேன்.

மாடசாமி: ஏன்? முழுங்குங்க, முழுங்குங்கன்னு உயிரை எடுத்தவ நீதானே.

தமயந்தி: அந்தக் கருமம் வேணாம். படுங்க... ஏன் எந்திரிச்சு உக்காந்துட்டீங்க?

மாடசாமி: கேக்குதா?

தமயந்தி: என்னது... ஷிஃப்ட் சங்கா? அதுக்கு இன்னும் நேரம் இருக்கே.

மாடசாமி: சங்கு இல்ல. பெல்ட்டை ஓட விடுறதுக்கு முன்னாடி அடிக்கிற சைரன். கண்ணை மூடுனா கேக்குது.

தமயந்தி: அன்னிக்கு நீங்க சைரன் அடிச்சீங்க. பெரியண்ணன்தான் குடிச்சுட்டு பெல்ட்டுக்கு அடியில கிடந்தான். எல்லாரும் அதானே சொல்றாங்க.

மாடசாமி: முதல்ல சொன்னது நான்.

தமயந்தி: அவன் குடிச்சிருந்தான்னா?

மாடசாமி: அவன் குடிக்கல, தமயந்தி. கீழ சிந்துன கரியை வாரிக்கிட்டு இருந்தான். நான் கேபின்ல தூங்கிட்டேன். பெல்ட்டை ஓட விடச் சொல்லி போன் அடிச்சதும் பதறி எந்திரிச்சு... சைரனும் அடிக்கல, எட்டியும் பாக்கல. பட்டனை அமுக்கிட்டேன்.

தமயந்தி: மெதுவா... வெளிய ஆள் போகுது.

மாடசாமி: காண்ட்ராக்ட் ஆளு. குடிச்சிருந்தான்னு முடிவாச்சுன்னா நஷ்டஈடும் கிடையாது. அவன் பொண்டாட்டி வீராயி ஆஸ்பத்திரியில என்னைக் கும்புடுது. ‘நீங்கதான் தூக்கிக்கினு வந்தீங்களாமே’ன்னு.

தமயந்தி: ஐயோ...

மாடசாமி: தூங்கவே பயமா இருக்கு. முழிக்கிறப்ப மறுபடி அந்த கேபின்லயே முழிச்சுடுவேனோன்னு... வீட்டுல வராத தூக்கம் அங்க எப்படி அடிச்சுப் போட்ட மாதிரி வந்துச்சு? அன்னிக்கு ஓவர்டைம் பாக்கக் கூப்பிட்டாங்கன்னு கிளம்புறப்ப நீ போட்ட காபியைத்தான் பிளாஸ்க்குல எடுத்துட்டுப் போனேன். அத்தனையும் குடிச்சேன், முழிப்பா இருக்கணும்னுதான்.

தமயந்தி: அத்தனையுமா...

மாடசாமி: நீ ஏன் அழுவுற? நாளைக்கு விசாரணையில உள்ளதைச் சொல்லிடப் போறேன். வேலை போனாப் போகட்டும். ஒத்தையா நான் செஞ்ச பாவம்.

தமயந்தி: ஒத்தையா இல்லீங்க... நீங்க படுக்கத்தான் போறீங்கன்னு, காபியில கசப்பு தெரியாதுன்னு, ரெண்டு மாத்திரையைப் பொடிச்சுக் கலந்து வெச்சிருந்தேன். அதுக்குள்ள கூப்பிட ஆள் வந்துட்டான். நீங்க பிளாஸ்க்குல ஊத்துனப்ப பக்கத்துலதான் நின்னேன்... திட்டுவீங்கன்னு பயந்துக்கிட்டு, மூடியை நானே திருகிக் குடுத்தேன்.