மெர்வினின் முகம்

கறி பொதிந்து சுட்ட மீட் பையின் மேல் சாஸ் ஊற்றும்போது நோரீனம்மா வேறு எதையும் கவனிக்க மாட்டார். இதை எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜன்ட். பின்னால் உதவும்.

ஃபுட்டி என்கிற நம் ஊர்க் கால்பந்தாட்டத்தில் ஒருவன் இன்னொருவன் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறிப் பந்தைக் கையால் பிடிப்பான். அந்தக் கணத்தை நன்றாக எடுத்துவிட்டால் படம் கிளப் பாரில் தொங்கும். உள்ளூர்ப் பத்திரிகைக்காக எத்தனையோ வருடங்களாக எடுக்கிறேன், என் படம் ஒன்றுகூடத் தொங்கியதில்லை. அது எனக்கு வலித்தது. அதை மறைக்கப் போவதில்லை.

மெர்வினைப் போல ஏற இந்த மாவட்டத்தில் ஆளில்லை. ஆனால் அந்த முகம் இருக்கிறதே, பல் டாக்டரிடம் முறைக்காகக் காத்திருப்பவன் முகம். உடம்பு பறக்கும், முகம் கொட்டாவி விடும். முகத்தில் ஆவேசம் இல்லையென்றால் படத்தில் உயிர் இல்லை.

"என்னப்பா டெஸ், அவன ஏணி வச்சு ஏத்துனியா?" என்று பாரில் சிரித்தார்கள்.

அவனை உசுப்பிப் பார்த்தேன். எல்லைக்கோட்டில் நின்று, "டேய் மெர்வின், ஒன் ஆடெல்லாம் ரோட்டுல நிக்குதுடா" என்று கத்தினேன்.

"நிக்கட்டும், சாயங்காலம் பத்திக்கிறேன்" என்றான், அந்தரத்தில் இருந்தபடியே.

பொய்க்கு அந்த முகம் மாறாது, நிஜமாகவே ஏதாவது நடக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

அவன் அம்மாதான் நோரீன். மைதான வேலியில் மூக்கை முட்டி நிற்கும் கார்களுக்குள் உட்கார்ந்தே பலர் ஆட்டம் பார்ப்பார்கள், அதில் அவருடைய காரும் ஒன்று. பின்னால் சரிவு, சரிவின் அடியில் குளம். நம் ஆள் கோல் போட்டால் எல்லாக் கார்களும் ஹாரன் அடிக்கும். போன சனிக்கிழமை அவரே என்னைக் கூப்பிட்டார்.

"ஏன்டா டெஸ், எம் புள்ள மூஞ்சில கொஞ்சம் உசுரு வர்ற மாதிரி எடுக்கவே மாட்டியா?"

"இன்னிக்கு எடுத்துடலாம், நோரீனம்மா."

ஆக, கேட்டது அவர்தான்.

மீட் பை வாங்கிக் கொடுத்தேன். அவர் சாஸ் ஊற்றினார். நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டு கியரை நடுவில் தள்ளி, கைப்பிரேக்கை இறக்கினேன். பின்சக்கரத்துக்கு ஏற்கெனவே ஒரு செங்கல் வைத்திருந்தேன். செங்கலில் தூண்டில் நரம்பு, நரம்பின் மறுமுனை என் கணுக்காலில். நல்ல கணம் தானாக வருமென்று காத்திருப்பவன் படக்காரன் அல்ல.

பந்து எழும்பியது. மெர்வின் என்னைப் பார்த்தபடி ஏறினான். நான் காலை இழுத்தேன்.

கார் பின்னோக்கி உருண்டது. நோரீனம்மா உதவிக்கு ஹாரனை அழுத்தினார், அழுத்திய கையை எடுக்கவே இல்லை. கோல் என்று நினைத்து மைதானம் முழுக்கப் பதிலுக்கு ஹாரன் அடித்தது. சிலர் அவருக்குக் கையும் ஆட்டினார்கள். உயரத்திலிருந்த மெர்வினுக்கு மட்டும்தான் கார் எங்கே போகிறது என்று தெரிந்தது.

அந்த முகத்தை நீங்களே பார்த்தீர்கள். அந்தப் படத்தைச் சாட்சிப் பொருளாக வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து வெயில் படாமல் வையுங்கள்.

நான் கெட்டவன் அல்ல. குளத்தில் இடுப்பளவு தண்ணீர்தான் என்று விசாரித்திருந்தேன். விசாரித்தது கோடையில். மெர்வின் வேலியைத் தாண்டிக் குதித்து, கழுத்தளவு நீரில் இறங்கி அவரைத் தூக்கி வந்தான். அம்மாவுக்குத் தோள் எலும்பு முறிந்ததோடு போயிற்று. ஆஸ்பத்திரிக்கு அவர் பெயருக்குப் படத்தின் ஒரு பிரதி அனுப்பினேன். பதில் இல்லை. வலது கையில்தான் கட்டாம், அதனால் இருக்கும்.

என்னை எப்போது விடுவீர்கள்? சனிக்கிழமை இறுதி ஆட்டம். காரில் இந்த முறை மெர்வினின் மனைவி உட்காருவாளாம். அவளுக்கு மீட் பை பிடிக்காது, சாக்லேட் கேக்தான் பிடிக்கும்.